நீண்ட சாலைச் சோதனைக்குப் பிறகு இன்ஜின் தேய்மானத்தை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்த சோதனை வண்டியின் இன்ஜினைப் பிரித்ததும் பல ஒர்க்‌ஷாப்புகளில் நடக்கும் முதல் காரியம், பாகங்களை டீசல் தொட்டியில் போட்டுக் கழுவுவது. ரிப்பேர் வேலைக்கு அது சரி. சோதனை வேலைக்குப் பெரிய இழப்பு. பிஸ்டன் தலையில் படிந்த கரியின் நிறம், ரிங் பள்ளத்தில் இறுகிய பிசின், ஷெல்லில் (கிராங்க்கும் ராடும் சுழலும் இடத்தில் உள்ள மெல்லிய அரைவட்ட பேரிங் தகடு) பதிந்த மணல் துகள் ஆகியவைதான் எந்தப் பாகம் ஏன் தேய்ந்தது என்று சொல்லும். கழுவிவிட்டால் எவ்வளவு தேய்ந்தது என்ற எண் மட்டும் மிஞ்சும்; காரணம் டீசலோடு போய்விடும். அதனால் இந்த வேலை முழுவதற்கும் ஒரே வரிசைதான்: பாருங்கள், படமெடுங்கள், அளங்கள், பிறகு கழுவுங்கள், மறுபடி அளங்கள்.

இங்கே எடுத்துக்கொள்வது நம் சாலைகளில் நிறைய ஓடும் வகை: 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினியப் பிளாக், வார்ப்பிரும்பு லைனர் (சிலிண்டரின் உள்சுவரான குழாய்), 73 மி.மீ. போர் (சிலிண்டர் துளை), டைமிங் செயின். கீழே வரும் அளவுகள் இந்த வகைக்குப் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் மேனுவல்படியே போங்கள்.

பழைய அளவு கையில் இருக்கிறதா?

தேய்மானம் என்பது இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம். சோதனைக்கு முன் இன்ஜினைப் பூட்டும்போதே போர், பிஸ்டன், ரிங், ஜர்னல் (கிராங்க்கில் ஷெல்லுக்குள் சுழலும் வழவழப்பான பகுதி), ஷெல், கேம், வால்வு எல்லாவற்றையும் அளந்து, அளந்த இடத்தையும் குறித்து வைத்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. பழைய அளவு இல்லையென்றால் டிராயிங்கில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டாம். டிராயிங் தருவது ஒரு வரம்பு. அந்த வரம்பின் அகலமே 10, 15 மைக்ரான் இருக்கும். நன்றாகப் பராமரித்த இன்ஜினில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குப் போர் தேய்வதே பெரும்பாலும் அந்த அளவுதான்.

அப்படிப்பட்ட நிலையில் அதே பாகத்தில் தேயாத இடத்தைத் தேடிப் பிடியுங்கள். போரில், ரிங் போகாத மேல் விளிம்பும் அடிப்பகுதியும். கேம்ஷாப்ட்டில், வால்வைத் தள்ளும் மேடான லோபின் வட்டமான அடிப்பக்கம். வால்வு தண்டில், அது ஏறி இறங்கும் குழாயான கைடுக்குள் நுழையாத பகுதி. கிராங்க் ஜர்னலில், ஷெல் தொடாத ஓர விளிம்பு. இந்த இடங்களை ஆதாரமாக வைத்தால் பழைய தாள் இல்லாமலும் நம்பத்தகுந்த எண் கிடைக்கும்.

வெப்பநிலை விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 35 டிகிரி இருக்கும்போது 73 மி.மீ. அலுமினிய பிஸ்டன் 20 மைக்ரானுக்கு மேல் விரிந்திருக்கும். மைக்ரோமீட்டரின் எஃகும் 12 மைக்ரான் அளவுக்கு விரிவதால் பிழையில் ஒரு பகுதி கழிந்துவிடும்; மீதி 10 மைக்ரான் உங்கள் தாளில் ஏறும். தேய்மானமே அவ்வளவுதான் என்றால் அளந்ததற்கு அர்த்தம் இல்லை. பாகங்களையும் கருவிகளையும் ஏ.சி. அறையில் ஒன்றாக ஓர் இரவு வைத்துவிட்டு மறுநாள் காலையில் அளக்கத் தொடங்குங்கள். முதல் அளவை எடுத்தவரே, அதே கருவியில், இரண்டாவது அளவையும் எடுப்பது நல்லது. ஒவ்வொரு இடத்தையும் மூன்று தடவை அளங்கள். மூன்றும் 2 மைக்ரானுக்குள் ஒத்துவராவிட்டால் பாகத்தைச் சந்தேகிக்கும் முன் கையையும் கருவியையும் சரிபாருங்கள்.

பிரிப்பதற்கு முன்

இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே எடுக்க வேண்டிய அளவுகள் சில உண்டு. பிரித்த பிறகு அவை கிடைக்காது.

கம்ப்ரஷன்: இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டில் முழுதும் திறந்து, பேட்டரி முழு சார்ஜில் இருக்க ஐந்தாறு சுற்று. 12 முதல் 14 பார் வரும். சிலிண்டர்களுக்குள் 1 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் 5 மி.லி. ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

லீக்-டவுன்: பிஸ்டனை கம்ப்ரஷன் டி.டி.சி.யில் (இரு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) நிறுத்திக் காற்றைச் செலுத்திக் கசிவு சதவீதத்தைப் படியுங்கள். காற்று எங்கே சீறுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஆயில் மூடியில் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் வந்தால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல சிலிண்டர். 20 தாண்டினால் அந்தச் சிலிண்டரைப் பிரிக்கும்போது தனிக் கவனம் வேண்டும்.

ஆயில் பிரஷரைச் சூடான ஐடிலிலும் 3000 சுற்றிலும் தனி கேஜ் மாட்டிக் குறியுங்கள். டேஷ்போர்டு விளக்கு எதையும் சொல்லாது. வால்வு கிளியரன்ஸை (கேமுக்கும் வால்வைத் தள்ளும் டாப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) இன்ஜின் முழுக்கக் குளிர்ந்தபின் ஃபீலர் கேஜால் அளங்கள். கிளியரன்ஸ் குறைந்திருந்தால் வால்வு உட்காரும் வளையமான சீட் உள்ளே இறங்கியிருக்கிறது. கூடியிருந்தால் கேமோ டாப்பெட்டோ தேய்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள இன்ஜினில் இந்த அளவு கிடைக்காது. அங்கே பின்னால் வால்வு தண்டின் உயரத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஆயிலும் ஃபில்டரும்

சோதனை முடிவதற்குச் சற்று முன் ஆயில் மாற்றிவிடாதீர்கள். இன்ஜினைச் சூடாக்கி, வடிகால் போல்ட்டைத் திறந்து, மூன்றில் ஒரு பங்கு ஓடியபின் வரும் ஆயிலில் 100 மி.லி. சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். முதலில் வருவதில் ஆயில் தொட்டியான சம்ப்பின் அடியில் தங்கிய கசடு இருக்கும். மீதி ஆயிலை முழுக்க வடித்து எடை போடுங்கள். ஊற்றியது, இடையில் சேர்த்தது, வடிந்தது ஆகிய மூன்றின் கணக்கில்தான் ஆயில் எவ்வளவு எரிந்தது என்பது தெரியும்.

லேப் அறிக்கையில் ஒவ்வொரு உலோகமும் ஒரு பாகத்தைக் காட்டும். இரும்பு: லைனர், கிராங்க், கேம், செயின். அலுமினியம்: பிஸ்டன். குரோமியம்: குரோம் பூசிய ரிங். செம்பு, ஈயம், வெள்ளீயம்: பேரிங், புஷ். சோடியம், பொட்டாசியம்: கூலன்ட் கலந்திருக்கலாம். சிலிக்கான் தனியாக ஏறினால் புது கேஸ்கெட் பேஸ்ட்டிலிருந்தும் வரலாம். சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்தே ஏறினால் மண் தூசி உள்ளே போயிருக்கிறது. உடனே ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். பழுப்பாக வந்தால் போர் தேய்மானத்துக்கான பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 3.5 லிட்டர் ஆயிலின் எடை ஏறக்குறைய 3 கிலோ. அதில் இரும்பு 40 பி.பி.எம். என்றால் 0.12 கிராம் இரும்பு மிதக்கிறது. இடையில் ஒரு லிட்டர் புது ஆயில் சேர்த்திருந்தால் எண் நீர்த்துக் குறைவாகத் தெரியும். இன்னொரு குறை, ஸ்பெக்ட்ரோமீட்டர் சில மைக்ரானுக்கு மேல் பெரிய துகள்களைச் சரியாகக் காட்டாது. பேரிங் உரிந்தால் வருவது பெரிய துகள்தான். அதனால் ஆயில் ரிப்போர்ட் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதி அடையாமல் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். வெட்டுவதற்கு உருளைக் கத்தி கொண்ட ஃபில்டர் கட்டர் வேண்டும். ஹேக்ஸா வைத்து அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். மடிப்புத் தாளை விரித்து, ஆயிலைப் பிழிந்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காந்தம் இழுப்பது எஃகு. இழுக்காமல் மின்னும் செதில் அலுமினியமாகவோ பேரிங் உலோகமாகவோ இருக்கும்.

பெட்ரோல் கலப்பையும் லேபில் கேளுங்கள். குறுகிய தூர ஓட்டம் அதிகம் உள்ள சோதனையில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. இ20 பெட்ரோலில் உள்ள எத்தனாலும் தண்ணீரும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் மெலிந்தால் ரிங்கும் கேமும் முதலில் அடி வாங்கும்.

பிரிக்கும் முறை

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் ஆறிய பிறகே தளர்த்துங்கள். முறுக்கும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், ஒரே மூச்சில் விடாமல் இரண்டு மூன்று கட்டமாக. அவசரப்பட்டால் அலுமினிய ஹெட் வளையும்; பிறகு அளக்கும் கேமும் வால்வும் உண்மை சொல்லாது. ஒவ்வொரு போல்ட்டும் தளரும் டார்க்கைக் குறியுங்கள். ஒன்று மட்டும் எளிதாகக் கழன்றால் அந்த இடத்து கேஸ்கெட்டை உற்றுப் பாருங்கள்.

கழற்றும் எல்லாவற்றிலும் சிலிண்டர் எண், மேல்-கீழ், முன்-பின் குறிக்க வேண்டும். பெயின்ட் பேனா போதும். மூடியை ஆலையில் உடைத்துப் பிரித்த வகை கனெக்டிங் ராடில் பஞ்ச் அடிக்கவே கூடாது. அதன் உடைந்த முகத்தை மேசைமேல் குப்புற வைக்கவும் கூடாது. மேடு பள்ளம் நசுங்கினால் மூடி பழையபடி உட்காராது. ராடின் துளை அளவு அங்கேயே மாறிவிடும்.

போரின் மேல் விளிம்பில் படி போலத் தட்டுப்பட்டால், ரிப்பேர் வேலையில் அதைச் செதுக்கிவிட்டுத்தான் பிஸ்டனைத் தள்ளுவார்கள். சோதனை இன்ஜினில் அந்தப் படியே முக்கியமான ஆதாரம். கரியால் ஆனதா, உலோகமா என்று முதலில் பாருங்கள். கரியாக இருந்தால் படமெடுத்து, மெதுவாகச் சுரண்டுங்கள். உலோகமாக இருந்தால் செதுக்காமல் அளந்து, பிஸ்டனைக் கவனமாக வெளியே எடுங்கள். முரட்டுத்தனமாகத் தள்ளினால் ரிங் படியில் மோதி, ரிங் இருக்கும் தடுப்பு உடையும். சோதனையில் உடைந்ததா, உங்கள் மேசையில் உடைந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

போர், பிஸ்டன், ரிங்

ஒவ்வொரு போரையும் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளங்கள்: மேல் ரிங் திரும்பும் இடம், நடு, அடி, கிராங்க்கின் நீளவாக்கிலும் அதற்குக் குறுக்கேயும். அதிகத் தேய்மானம் மேல் ரிங் திரும்பும் இடத்தில் இருக்கும். அங்கே பிஸ்டனின் வேகம் ஒரு கணம் சுழியமாவதால் ஆயில் படலம் அறுந்துபோகிறது. அதே நேரத்தில் எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. குறுக்குத் திசையில் ராடு பிஸ்டனைச் சாய்த்துத் தள்ளுவதால் போர் நீள்வட்டமாகும். மேல்-கீழ் வித்தியாசமோ இரு திசை வித்தியாசமோ 0.05 மி.மீ. நெருங்கினால் அது சாதாரணத் தேய்மானம் இல்லை.

ஹெட் கழன்றதும் பிளாக்கின் இறுக்கம் போய்ப் போரின் வடிவமே சில மைக்ரான் மாறும். பூட்டும்போது டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) இறுக்கி அளந்திருந்தால் இப்போதும் அதையே இறுக்கி அளங்கள். ஒரு தடவை பிளேட்டோடும் மறு தடவை இல்லாமலும் எடுத்த அளவுகளைக் கழித்தால் வருவது தேய்மானம் ஆகாது.

கண்ணால் பார்க்க வேண்டியது ஹோனிங் கோடுகளை (லைனர் சுவரில் ஆலையில் போட்ட நுண்கோடுகள்). குறுக்கும் நெடுக்குமான கோடு தெளிவாக இருந்தால் லைனர் நலம். மேலே ஒரு பக்கம் கண்ணாடிபோல வழவழப்பாகிக் கோடு மறைந்திருந்தால், பிஸ்டன் மேல்விளிம்பில் இறுகிய கரி சுவரைத் தேய்த்திருக்கிறது. ஆயில் குடிப்பதற்கு அது ஒரு காரணம். மேலிருந்து கீழாக ஓடும் கீறலில் விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் தூசியோ உடைந்த துண்டோ போயிருக்கிறது.

ரிங் வாய் இடைவெளியை, ரிங்கைப் போரின் தேயாத அடிப்பகுதியில் பிஸ்டனைக் கவிழ்த்து நேராகத் தள்ளிவைத்து அளங்கள். மேல் ரிங் புதிதில் 0.20 முதல் 0.35 மி.மீ. இருக்கும். 0.7 வரை போனால் மாற்றியே ஆக வேண்டும். இந்த எண்ணுக்குள் ஒரு வசதி உண்டு. ரிங்கின் முகம் ஆர வாக்கில் 0.05 மி.மீ. தேய்ந்தால் இடைவெளி அதைப்போல 6.28 மடங்கு, அதாவது 0.31 மி.மீ. கூடும். போரின் விட்டம் 0.05 கூடினால் இடைவெளி 3.14 மடங்கு, அதாவது 0.16 கூடும். மைக்ரோமீட்டரில் பிடிபடாத தேய்மானம் ஃபீலர் கேஜில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். ரிங்கின் பங்கை மட்டும் பிரித்தறிய, சோதனைக்கு முன்னும் பின்னும் ஒரே மாஸ்டர் வளையத்துக்குள் வைத்து அளந்தால் போரின் பங்கு தானாக விலகிவிடும்.

பள்ளத்தில் ரிங் சுலபமாக நகர்கிறதா, கரியில் ஒட்டிக்கிடக்கிறதா என்பதைக் கழுவும் முன்பே எழுதிவையுங்கள். பக்க இடைவெளியைக் கழுவியபின் அளங்கள், 0.12 மி.மீ. தாண்டினால் பள்ளமே அகன்றுவிட்டது. கரியைச் சுரண்ட உடைந்த ரிங் துண்டைப் பயன்படுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. அது அலுமினியத்தையும் சேர்த்துச் சுரண்டும். கரைப்பானில் ஊறவைத்து, மரக்குச்சியால் எடுங்கள்.

பிஸ்டன் பாவாடைப் பகுதியின் தேய்ந்த தடம் நடுவில் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் சாய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. ராடைக் கோக்கும் பிஸ்டன் பின்னின் துளைக்கு இருபுறமும் நான்கு மூலைகளில் உரசியிருந்தால் அதிக வெப்பம். தலையின் ஓரம் மட்டும் கரி இல்லாமல் கழுவியதுபோல இருந்தால் ரிங்கைத் தாண்டி ஆயில் மேலே ஏறுகிறது. ஓரத்தில் மணல் வீசி அரித்ததுபோலப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் (எரிபொருள் தானாக வெடித்து எரிவது). அந்தப் பிஸ்டனின் ரிங் தடுப்பில் விரிசல் இருக்கிறதா என்று சாயம் ஊற்றிச் சோதியுங்கள்.

கிராங்க், ஷெல்

ஜர்னல்களை இரண்டு இடத்தில், இரண்டு திசையில் அளந்தால் போதும். 0.01 மி.மீ.க்கு மேல் வட்டம் கெட்டிருந்தால் கவனிக்க வேண்டும். கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தைக் கழற்றும் முன்பே டயல் இண்டிகேட்டரில் பாருங்கள்: 0.1 முதல் 0.3 மி.மீ. இயல்பு.

நிறையப் பேர் ஷெல் இடைவெளிக்கு பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழை) போதும் என்று நிறுத்திவிடுகிறார்கள். பச்சை நிற இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை படிக்கும்; இடைவெளி வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க அது நல்லது. 3, 4 மைக்ரான் தேய்மானத்தை அது காட்டாது. அதற்கு ஷெல்லின் தடிமனையே அளக்க வேண்டும். உள்முகம் வளைந்திருப்பதால் உருண்டை முனை கொண்ட மைக்ரோமீட்டர் தேவை. அளக்கும் இடம் ஷெல்லின் நடு உச்சி. இரண்டு பாதிகள் சேரும் ஓரத்தில் ஷெல்லை வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்திருப்பார்கள். அங்கே அளந்துவிட்டுத் தேய்ந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. ஷெல்லை மில்லிகிராம் தராசில் எடை போட்டும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொன்னால் எண்ணை நம்பலாம்.

எரிப்பு அழுத்தம் ராடின் மேல் ஷெல்லையும் மெயின் பேரிங்கின் கீழ் ஷெல்லையும் அழுத்துவதால் அவை கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது முறைதான். முறை மீறியதற்கு அடையாளங்கள் வேறு. ஷெல்லுக்குள் புதைந்த துகளைச் சுற்றிப் பளபளப்பான வளையம்: பூட்டும்போதோ ஃபில்டர் வழியாகவோ அழுக்கு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருப்பது: ராடு வளைவு அல்லது ஜர்னல் சரிவு. முதுகுப்பக்கம் அரிந்த தடமும் கருமையும்: மூடியின் இறுக்கம் போதவில்லை, ஷெல் அசைகிறது. எல்லா ஷெல்களிலும் ஒரே மாதிரி உலோகம் இழுபட்டிருப்பது: ஆயில் பட்டினி. அப்போது ஆயில் பம்ப்பையும் சம்ப் சல்லடையையும் பாருங்கள். செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அலுமினியக் கலவை ஷெல்லில் அப்படிப் பூச்சே இருக்காது. ஆகவே உங்கள் ஷெல் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹெட், கேம், செயின்

வால்வைக் கழற்றும் முன் ஹெட்டைக் கவிழ்த்து எரிப்பு அறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். எந்த வால்வு கசிகிறது என்று தெரியும். தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி இன்டேக்கில் 0.07, எக்ஸாஸ்ட்டில் 0.09 மி.மீ. தாண்டினால் கைடு முடிந்தது. இன்டேக் வால்வின் கழுத்தில் தடித்த ஈரக் கரி இருந்தால் கைடு சீலில் ஆயில் இறங்குகிறது.

சி.என்.ஜி.யில் ஓடிய வண்டி என்றால் வால்வு சீட்டுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். பெட்ரோலோடு ஒப்பிட்டால் வாயு உலர்ந்த எரிபொருள். சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மெத்தை போல இருக்கும் படலம் உருவாவதில்லை. சீட் மெல்ல உள்வாங்கும், கிளியரன்ஸ் குறையும், ஒரு கட்டத்தில் வால்வு முழுக்க மூடாமல் கருகும். தண்டின் உச்சி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பதை, சிலிண்டருக்கு இரண்டாக உள்ள எட்டு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் தனித்தனியாக அளந்து, கிளியரன்ஸ் குறைந்த அளவோடு சரிபாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் கேமும் சேர்ந்து தேய்ந்திருக்கிறது.

கேம் லோபின் முழு உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து அடிவட்டத்தின் விட்டத்தைக் கழித்தால் லிப்ட் வரும். மூக்கில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். செயினை இழுத்துப் பிடித்து, மேனுவல் சொல்லும் எண்ணிக்கை கண்ணிகளின் நீளத்தை மூன்று இடங்களில் அளங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எத்தனை பல் வெளியே வந்திருந்தது என்பதைக் கழற்றும் முன்பே எண்ணியிருக்க வேண்டும்.

எழுதி வைப்பது, எடுத்து வைப்பது

ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரே தாளில் முன் அளவு, பின் அளவு, வித்தியாசம், அளந்த வெப்பநிலை, கருவி எண், பட எண் ஆகியவை இருக்கட்டும். உங்கள் கருவியின் பிழை 3 மைக்ரான் என்றால் 2 மைக்ரான் வித்தியாசத்தைத் தேய்மானம் என்று எழுதாதீர்கள். "அளக்கும் அளவுக்கு மாற்றம் இல்லை" என்று எழுதுங்கள். நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் ஆயில், தூசி, ஓட்டிய விதம் போன்ற பொதுக் காரணங்களைத் தேடுங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர், கூலன்ட் வழி, ராடு என்று உள்ளூர்க் காரணங்களுக்குப் போங்கள்.

அளந்து முடித்த பாகங்களைத் துரு தடுக்கும் ஆயில் தடவி, எண் எழுதிய தனித்தனி பாலிதீன் பையில் போடுங்கள். ஷெல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், முகத்தில் கீறல் விழும். கிராங்க்ஷாப்ட்டைப் படுக்க வைக்காமல் ஃப்ளைவீல் பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்தி, சாயாமல் கட்டி வையுங்கள். வெட்டிய ஃபில்டர் தாளையும் 100 மி.லி. ஆயிலில் மிஞ்சியதையும் அறிக்கை ஏற்கப்படும்வரை தூக்கி எறியாதீர்கள்.